1926க்கும் 1927க்கும் நடுவில்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

கடிதம் நீளமாகப் போகும், முதலே சொல்லிவிடுகிறேன். இடம் போதாவிட்டால் நடுவில் எங்கேயாவது வெட்டுங்கள், கடைசியில் நான் கேட்டிருப்பதில் மட்டும் கைவைக்க வேண்டாம்.

நான் திருகோணமலை பாலையூற்றில், வீட்டு விறாந்தையில் வைத்துச் சாதாரண தரப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கிறவன். நாலு வாங்கு, ஒரு பலகை, சுற்றும்போது கிரீச்சிடும் ஒரு மின்விசிறி. வைத்தியன் இல்லை, உளவியல் படித்தவனும் இல்லை, எண்களை வாசிக்கத் தெரியும், அவ்வளவுதான். உங்கள் பத்திரிகையின் மாவட்டச் செய்திப் பக்கத்தைப் பல வருடமாக வாசிக்கிறேன். அடிக்கடி ஒரே செய்திதான் வருகிறது, ஊரும் வயதும் மட்டும் மாறும். ஐஸ் போதைப்பொருளுடன் 19 வயது இளைஞன் கைது. கேரளக் கஞ்சாவுடன் 22 வயது இளைஞன் கைது. போதை மாத்திரைகளுடன் மாணவன் சிக்கினான். எத்தனை கிராம், எத்தனை மில்லிகிராம் என்பதெல்லாம் துல்லியமாக இருக்கும். பிடிபட்டவன் கடைசியாக எப்போது ஒழுங்காக நித்திரை கொண்டான் என்று ஒருவரும் எழுதி நான் பார்த்ததில்லை.

இப்படிச் செய்தியான ஒரு பொடியன் என்னிடம் படித்தவன். பெயர், ஊர், பாடசாலை எதுவும் எழுத மாட்டேன். பத்தாம் வகுப்பில் வந்து சேர்ந்தபோது கேத்திர கணிதத்தில் அவனுக்குத் தனிக் கண் இருந்தது. வட்ட நாற்பக்கலில் எந்தக் கோணத்துக்கு எது எதிர்க்கோணம் என்று மற்றவர்கள் விரலை வைத்துத் தேடும்போது, இவன் கொப்பியைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரிப்பான். அந்த வருடம் கச்சான் காற்று அடிக்கத் தொடங்கிய நாட்களில் எழுத்து மாறியது. முதலில் எண்கள் கோட்டை விட்டு மேலே ஏறின. பிறகு பாதிக் கணக்கில் பேனை நிற்க ஆரம்பித்தது, நின்ற இடத்தில் பெரிதாக ஒரு மைப்புள்ளி, பேனையை ஊன்றியபடியே எங்கேயோ பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறான். ஒருநாள் எல்லோரும் போனபிறகு, செருப்பைக் காலால் தேடிக்கொண்டே, "சேர், இரவில நித்திர வருதில்ல, ஆரோ கதைக்கிற மாதிரிக் கிடக்கு" என்றான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "போனை அம்மாட்டக் குடுத்திட்டுப் படு, நித்திர தானா வரும்." அதோடு நிற்காமல் அடுத்த நாளைக்குப் பத்துக் கணக்குக் கூடுதலாகவும் கொடுத்தனுப்பினேன்.

அப்போது அவன் சிகரெட் கூடத் தொட்டதில்லை. தாய் சொல்லித்தான் இதை எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம், தாய்மார் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். மறைக்க ஒன்றும் மிச்சமில்லாத காலத்தில் அவனே வரிசையாகச் சொன்னான். முதலில் மாவா என்கிற போதைப் பாக்கு. பிறகு யாரோ கொடுத்த மாத்திரை, அதைப் போட்டால் தலைக்குள் சத்தம் குறைந்ததாம். பிறகு கஞ்சா, அதோடு சத்தம் கூடியதாம். கடைசியில் ஐஸ். நித்திரை வராத பிள்ளைக்கு நித்திரையே தேவையில்லை என்று ஆக்கிவிடுகிற சாமான்! வயது அப்போது பதினேழு.

போதையால் மனம் கெட்டதா, மனம் கெட்டதால் போதைக்குப் போனானா என்று ஊரில் ஆளுக்கொரு தீர்ப்பு. அவன் விஷயத்துக்குப் பிறகுதான் நான் இது பற்றிய ஆராய்ச்சிகளைத் தேடத் தொடங்கினேன், மகளின் மடிக்கணினியில், இரவு பத்து மணிக்குப் பிறகு. என் ஆங்கிலம் தட்டுத்தடுமாறும், ஆனால் அட்டவணைகளுக்கு மொழி பெரிதாகத் தேவைப்படாது.

நியூசிலாந்தில் டனீடின் என்று ஒரு நகரம். 1972, 73 இல் அங்கே பிறந்த 1,037 பிள்ளைகளைச் சின்ன வயதில் இருந்து பின்தொடர்ந்துகொண்டே வருகிறார்கள். நானும் 72 இல் பிறந்தவன், ஆகவே அவர்கள் எல்லோரும் என் வகுப்புக்காரர் மாதிரி. அவர்களுக்குப் பதினொரு வயதானபோது கூப்பிட்டு, மற்றவர்களுக்குக் கேட்காத குரல் உனக்குக் கேட்கிறதா, யாராவது உன் மனதை வாசிப்பதுபோல் இருக்கிறதா என்றெல்லாம் விசாரித்து எழுதிவைத்தார்கள். பதினைந்திலும் பதினெட்டிலும் கஞ்சா பற்றிக் கேட்டார்கள். இருபத்தாறில் மனநோய் அறிகுறிகளைப் பார்த்தார்கள். 2002 இல் கட்டுரை வந்தது. பதினைந்து வயதுக்குள் கஞ்சா தொடங்கியவர்களில் 10 வீதமானோருக்கு 26 வயதில் மனச்சிதைவை ஒத்த நோய், அநேகமாகத் தொடாதவர்களில் அது 3 வீதம். மூன்று மடங்குக்கு மேல். வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

ஆனால் கணக்கு வாத்தியார் புத்தி சும்மா இருக்காதே. எத்தனை பேரில் 10 வீதம் என்று தேடிப் பார்த்தேன். பதினைந்துக்குள் தொடங்கியவர்கள் மொத்தமே 29 பேர். 29 இல் 10 வீதம் என்றால் மூன்று ஆள். அந்த மூன்று பேரைத்தான் உலகம் முழுக்கத் தலைப்பாக்கித் திரிந்திருக்கிறார்கள்! அதைவிட முக்கியமான வரி ஒன்று உள்ளே இருக்கிறது: பதினொரு வயதிலேயே அறிகுறி காட்டிய பிள்ளைகளைக் கணக்கில் எடுத்துப் பார்த்தால் அந்த வித்தியாசம் இளகிவிடுகிறது, தற்செயல் என்று தள்ள முடியாது என்று அடித்துச் சொல்லும் பலம் அதற்கு இல்லாமல் போகிறது.

கஞ்சா பரவாயில்லை என்று நான் சொல்ல வரவில்லை, தயவுசெய்து மேலே உள்ள பந்தியை மட்டும் வெட்டிப் பேஸ்புக்கில் போட்டுவிடாதீர்கள். சுவீடனில் இராணுவத்துக்கு அழைக்கப்பட்ட 45,570 இளைஞர்களைப் பதினைந்து வருடம் பின்தொடர்ந்து 1987 இல் எழுதினார்கள், பதினெட்டு வயதுக்குள் ஐம்பது தடவைக்கு மேல் கஞ்சா பாவித்தவர்களுக்கு மனச்சிதைவு வரும் ஆபத்து ஆறு மடங்கு. 2019 இல் ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் 11 இடங்களில் பார்த்ததில், வீரியம் கூடிய கஞ்சாவைத் தினமும் இழுப்பவர்களுக்குப் பிரமை, சந்தேகத்தோடு வரும் மனநோய்க்கான ஆபத்து ஏறக்குறைய ஐந்து மடங்கு. இளம் வயது, தினப் பாவனை, கூடிய வீரியம், இது மூன்றும் ஒரு பிள்ளையில் சேர்ந்தால் கூத்து முற்றும் என்பதில் ஆராய்ச்சிக்காரருக்குள் சண்டை குறைவு. புத்திக்கூர்மை குறைகிறதா இல்லையா என்பதில்தான் இன்னும் பிடுங்குப்பாடு. 2012 இல் டனீடின்காரர் எட்டுப் புள்ளி வரை குறைகிறது என்றார்கள், 2016 இல் இரட்டையர்களை வைத்துப் பார்த்தவர்கள் கஞ்சா தொட்ட பிள்ளைக்கும் தொடாத அதன் சோடிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, குடும்பச் சூழலைப் பாருங்கள் என்றார்கள். அதை அவர்கள் தீர்க்கட்டும்.

என்னைப் பிடித்து நிறுத்தியது அந்தப் பதினொரு வயதுக் கேள்விதான். டனீடினில் அதைக் கேட்ட காலத்தில் எனக்கும் பதினொன்று. 83 ஆடி மாதம் திருகோணமலையில் இரவில் நாங்கள் என்னென்ன சத்தம் கேட்டோம் என்று எங்களை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வகுப்பு முழுக்க ஓம் என்றுதான் சொல்லியிருக்கும். ஒரு ஊர்ப் பிள்ளைகளை ஐம்பது வருடம் பின்தொடர வேண்டுமென்றால் முதலில் ஊர் அதே இடத்தில் இருக்க வேண்டும். டனீடினில் 38 வயதிலும் உயிரோடு இருந்தவர்களில் 95 வீதமானோரைக் கூட்டிவந்து பார்த்திருக்கிறார்கள். சம்பூரில் 2006 இல் கிளம்பிய சனம் சொந்தக் காணிக்குத் திரும்பக் கிட்டத்தட்டப் பத்து வருடம் எடுத்தது, அதற்குள் ஒரு பிள்ளை எத்தனை பாடசாலை, எத்தனை முகாம் மாறியிருக்கும், அதை யார் எந்தக் கொப்பியில் குறித்து வைத்திருக்கிறார்கள்? என்னோடு படித்தவர்களில் யார் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்று எனக்கே தெரியாது.

எங்கள் பிள்ளைகளைப் பற்றி ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. போரும் மனவடுவும் பற்றிப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் யாழ்ப்பாணத்தில் இருந்து வருடக்கணக்காக எழுதியவை இருக்கின்றன. 2008 இல் வந்த ஒரு கட்டுரை வடக்குக் கிழக்கில் 296 தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளிடம் போர், சுனாமி, வீட்டுக்குள் நடப்பது மூன்றையும் பற்றிக் கேட்டது. 80 வீதத்துக்கு மேற்பட்டோர் போர்ச் சம்பவத்துக்குள் அகப்பட்டவர்கள், ஏறத்தாழ 30 வீதமானோருக்கு நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு. இதெல்லாம் நாம் எதிர்பார்ப்பதுதான். நான் எதிர்பாராதது, வீட்டில் பிள்ளை எவ்வளவு அடி வாங்குகிறது என்பதோடு சேர்ந்து நின்ற காரணங்களில் போர் ஒன்று, தகப்பனின் குடி இன்னொன்று.

என் பொடியனின் தகப்பன் குடிகாரர். இரவு பதினொரு மணிக்கு வருவார், தகரக் கதவைக் காலால்தான் திறப்பார். பொடியன் நித்திரை கொள்ளாமல் கிடந்ததற்குத் தலைக்குள் கேட்ட கதை மட்டும் காரணமில்லை, அவர் வந்து தாயை அடிக்காமல் படுக்கிறாரா என்று தினமும் காவல் இருந்திருக்கிறான். இது எனக்குத் தெரியவந்தது இரண்டு வருடம் கழித்து. ஐஸுக்குத் தலைப்புப் போடுகிறோம், தகப்பனின் போத்தல் செய்தியே இல்லை. 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குச் சாராயமோ சிகரெட்டோ விற்கக்கூடாது என்று 2006 இல் சட்டம் வந்தது, நல்ல சட்டம், ஆனால் போத்தல் வீட்டுக்கு வந்த பிறகு அதைச் சுற்றி எத்தனை வயதுப் பிள்ளைகள் படுத்திருக்கிறார்கள் என்று அந்தச் சட்டம் எட்டிப் பார்க்காது.

ஐஸ் விஷயத்தில் எது முந்தி எது பிந்தி என்ற குழப்பத்தை அவுஸ்திரேலியாவில் ஒரு கெட்டித்தனமான வழியில் அவிழ்த்திருக்கிறார்கள். 2013 இல் வந்தது. ஏற்கெனவே மனச்சிதைவு இருந்தவர்களைச் சேர்க்காமல், ஐஸுக்கு அடிமையான 278 பேரை எடுத்தார்கள். ஒருவனை இன்னொருவனோடு ஒப்பிடவில்லை, அவனையே அவனோடு ஒப்பிட்டார்கள். பாவிக்காத மாதத்தில் அவனுக்குப் பிரமை, சந்தேகம் வரும் வாய்ப்பு 7 வீதம், அதே ஆள் கடுமையாகப் பாவித்த மாதத்தில் 48 வீதம். தகப்பன், ஊர், போர் எதுவும் ஒரு மாதத்துக்குள் மாறுவதில்லை, மாறியது அந்தச் சாமான் மட்டும். இப்படி ஒரு கணக்கை யோசித்தவர்களுக்குக் கைகொடுக்க வேண்டும் போல இருந்தது. எனக்கு அதில் பயத்தைவிட ஆறுதல்தான் கூட, 48 மறுபடி 7 ஆக இறங்கலாம் என்றுதானே அதற்கு அர்த்தம்.

இனி இரண்டு வாசல் கதை. பொடியன் மூன்று நாளாக நித்திரை இல்லாமல், பக்கத்து வீட்டுக் கமரா தன்னையே பார்ப்பதாகச் சொல்லி மதிலில் ஏறி அதன் மேல் சாக்கைப் போட்டான். அவர்கள் பொலிஸைக் கூப்பிட, அவன் களிசான் பைக்குள் சாமான் இருக்க, மற்றது உங்களுக்குத் தெரியும், வயதோடும் மில்லிகிராமோடும் செய்தி. முகம் தெரிகிற மாதிரிப் படம் வேறு, உங்கள் பத்திரிகையில் இல்லை, இணையத்தில். பிணையில் வந்தபிறகு தாய் முதலில் கோயிலுக்குக் கூட்டிப்போய் நூல் கட்டினார். அதை நான் குறை சொல்ல மாட்டேன், அந்த மாதத்தில் அவன் தலையில் கைவைத்துப் பேசிய ஒரே மனிசன் அந்த ஐயர்தான். பிறகு ஒரு கிளினிக். அங்கே பார்த்தவர், "இது போதைப் பிரச்சினை, முதல்ல அதை விடப்பண்ணிட்டுக் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றார். விடப்பண்ணுகிற இடத்துக்குப் போனால், "இவருக்கு மனநோய் இருக்கு, அதை முதல்ல காட்டி மருந்து எடுத்திட்டு வாங்கோ." இரண்டு பேரும் நல்லவர்கள்தான், இரண்டு பேரும் சிரித்த முகத்தோடுதான் சொன்னார்கள். தாய் இரண்டு இடத்திலும் எழுதிக் கொடுத்த துண்டுகளைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டு, "சேர், நீங்க கணக்குப் படிச்சவர், எது முதல்ல எண்டு சொல்லுங்கோ" என்றார்.

எது முதலில் என்று கேட்பதே பிழை, இரண்டையும் ஒரே ஆட்கள் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும் என்றுதான் பல நாடுகளின் வைத்திய வழிகாட்டல்கள் இன்று சொல்கின்றன. இலங்கையில் இதற்கு இரண்டு இலவச இலக்கங்கள் உண்டு. மனநலத்துக்கு 1926, தேசிய மனநல நிறுவகம். போதைப்பொருளுக்கு 1927, தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை. அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு ஒன்றைத் தவிர வேறு பொதுக்காரணி கிடையாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது என் தொழில். இங்கே ஒரு பொதுக்காரணி இருக்கிறது, இரண்டு துண்டோடும் ஓட்டோவுக்குள் குந்தியிருந்தான். பாவம், எந்த இலக்கத்தை எடுப்பது என்று தாய்க்கும் தெரியாது, அப்படி இரண்டு இலக்கம் இருப்பதே எனக்கும் அன்றைக்குத்தான் தெரியும்.

அமெரிக்காவில் செய்து 2005 இல் வெளியான பெரிய ஆய்வொன்று, வாழ்க்கையில் வரும் மனநோய்களில் பாதி 14 வயதுக்குள்ளும் முக்கால்வாசி 24 வயதுக்குள்ளும் தொடங்கிவிடுகின்றன என்று சொன்னது. அது அமெரிக்கா, சரி. ஆனால் அந்தப் பத்து வருடத்தின் முதல் பாதி என் வாங்கில் குந்தியிருக்கிறது. மாவா, கஞ்சா, மாத்திரை எல்லாம் பிள்ளைக்கு முன்னால் வந்து நிற்பதும் அதே பத்து வருடத்தில்தான். ஒரே பாதையில் இரண்டு பஸ் ஓடுகிறது, நாங்கள் ஒன்றை மட்டும் மறித்துச் சோதனை போடுகிறோம்.

பாடசாலைகளில் விழிப்புணர்வுக் கூட்டம் வைக்கிறார்கள், தெரியும். ஒருமுறை நானும் பெற்றாராகப் போயிருந்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் சின்னச் சின்னப் பைகளில் சாமான்களை வைத்து, பெயர் எழுதி ஒட்டியிருந்தார்கள். பேச்சு முடிந்ததும் பொடியன்கள் நகைக்கடை மாதிரி அதைச் சுற்றி நின்றார்கள், ஒருவன் மற்றவனிடம் "இதுதான்டா அது" என்றான். பிறகு கையை நீட்டிச் சத்தியம் செய்தார்கள், பிஸ்கட் கொடுத்தார்கள். அமெரிக்காவில் 1983 இல் லொஸ் ஏஞ்சலஸில் தொடங்கி நாடு முழுக்கப் பொலிஸாரே வகுப்புக்குள் வந்து போதைக்கு எதிராகப் பாடம் நடத்தினார்கள். வருடக்கணக்காக அளந்து பார்த்தவர்கள், பாடம் கேட்ட பிள்ளைக்கும் கேட்காத பிள்ளைக்கும் பாவனையில் சொல்லக்கூடிய வித்தியாசம் இல்லை என்று கண்டார்கள். அங்கே சரிவராததை நாங்கள் பிஸ்கட்டோடு செய்கிறோம். அதோடு பாடசாலைக்குள் நடத்தும் கணக்கெடுப்புகளில் இன்னொரு ஓட்டை, வகுப்பில் இருக்கிறவனை எண்ணினால் வகுப்பை விட்டு இழுவைவலைக்கும் கராஜுக்கும் போனவன் எப்படி எண்ணிக்கைக்குள் வருவான்?

உருப்படியாக இறங்கிய எண்கள் ஐஸ்லாந்தில் இருக்கின்றன, பெயரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். 1998 இல் அங்கே 15, 16 வயதுக்காரரில் 42 வீதம் முந்தைய மாதத்தில் குடித்து வெறித்திருந்தவர்கள், 2016 இல் அது 5 வீதம். தினமும் சிகரெட் பிடிப்பவர்கள் 23 இல் இருந்து 3. பயங்காட்டி அல்ல. வருடாவருடம் பிள்ளைகளிடமே கேட்டு, வந்த முடிவை அந்தந்தப் பாடசாலைக்கும் பெற்றாருக்கும் உடனே திருப்பிக் கொடுத்தார்கள், பின்னேரம் விளையாட்டுக்கும் பாட்டுக்கும் காசு ஒதுக்கினார்கள், இரவில் பிள்ளை வெளியே திரியக்கூடாது என்று பெற்றாரை ஒன்றாகச் சேர்த்து முடிவெடுக்க வைத்தார்கள். அது பணக்கார நாடு என்று சொல்வீர்கள். உண்மை. ஆனால் சனத்தொகையைப் பாருங்கள், நாலு லட்சத்துக்குள், எங்கள் மாவட்டமும் 2012 கணக்கெடுப்பில் மூன்று லட்சத்து எண்பதாயிரம் அளவு. இந்த அளவு சனத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியாது என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

இங்கே என்ன நடக்கிறது? பின்னேரம் நாலு மணிக்கு மக்கெய்சர் மைதானப் பக்கம் போய்ப் பாருங்கள், பொடியன்களைவிட மான்கள்தான் அதிகம். பொடியன்கள் ரியூஷனில். இரண்டரைக்குத் தொடங்கினால் இரவு எட்டு மணி வரை ஒரு வாங்கில் இருந்து இன்னொரு வாங்குக்கு. அதில் ஒரு வாங்கு என்னுடையது, அதை நானே எழுதுவது எனக்கும் நல்லாயில்லை. இந்த வருடத்தில் இருந்து வெள்ளிக்கிழமை வகுப்பை நிறுத்திவிட்டேன். இரண்டு பெற்றார் பிள்ளையை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

பொடியனுக்கு இப்போது இருபது. ஒரு மோட்டார்சைக்கிள் கராஜில் நிற்கிறான். கடைசியில் ஒரு டொக்டர் இரண்டு துண்டையும் ஒன்றாக வைத்து ஸ்டேப்ளர் அடித்தார், அவ்வளவுதான் செய்தார், அதற்குப் பிறகு ஒரே இடத்தில் மருந்தும் கதையும். முழுக்க விட்டுவிட்டான் என்று சொன்னால் பொய், சென்ற வருடம் இரண்டு தடவை சறுக்கினான், இரண்டு தடவையும் அவனே வந்து சொன்னான். சில ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடக்கும்போது வந்து கடைசி வாங்கில் குந்துவான், கையில் கிறீஸ் மணக்கும். போன கிழமை நான் பலகையில் ஒரு தொடலியைப் பிழையாகக் கீறிவிட்டேன். "சேர், அது வட்டத்தை வெட்டுது" என்றான்.

இனி நான் கேட்பது. கைதுச் செய்தி போட வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், விற்கிறவனைப் போடுங்கள், பெரிய எழுத்தில் போடுங்கள். பாவித்துப் பிடிபட்ட பிள்ளையின் ஊரையும் வயதையும் தகப்பன் பெயரையும் சேர்த்துப் போட்டால் ஊரில் எல்லோருக்கும் ஆளைத் தெரியும். இந்தத் தாய் முதல் அறிகுறி கண்ட நாளில் இருந்து ஐந்து மாதம் ஒரு வைத்தியரிடமும் போகவில்லை. ஏன் என்று கேட்டேன். "பேப்பரில வந்தா பெட்டைக்கு ஆர் சேர் கலியாணம் பேசி வருவினம்" என்றார். அவன் தங்கச்சிக்கு அப்போது பதின்மூன்று வயது.

மற்றது, எந்தப் போதைச் செய்தி போட்டாலும் அதன் அடியில் 1926, 1927 இரண்டையும் ஒரே வரியில் போடுங்கள், நித்திரை வராத பிள்ளைக்காகவும் எடுக்கலாம் என்று பக்கத்தில் எழுதுங்கள். இடம் இல்லை என்று சொல்ல வேண்டாம். நேற்றைய பத்திரிகையை அடிமட்டம் வைத்து அளந்தேன். ராசிபலனுக்குக் கீழே எட்டு சென்ரிமீற்றர் நீளத்துக்கு, இரண்டு சென்ரிமீற்றர் உயரத்துக்கு, ஒன்றும் போடாமல் வெறுமனே கிடக்கிறது.

இப்படிக்கு,
கணித ஆசிரியர் ஒருவர்,
பாலையூற்று, திருகோணமலை.